ஜித்தா பலத் முருகைக்கல் வீடுகள்: சுவருக்குள் ஓடும் மரப்பட்டி எதற்கு?

கரையோரம்

ஜித்தாவின் பழைய நகரமான பலத் என்றாலே எல்லாரும் ரவாஷீன் படம்தான் போடுகிறார்கள், மாடிக்கு மாடி முகப்பில் துருத்திக்கொண்டு நிற்கிற அந்த மரக்கூண்டு ஜன்னல்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஹாரத் அல்-மஸ்லூம் பக்கம் ஒரு வீட்டின் பக்கச்சுவர் சரிந்து கிடக்கிறது, சாரம் கட்டி வேலி போட்டிருக்கிறார்கள், வேலி இடுக்கில் நின்று பார்த்தால் சுவரின் வெட்டுமுகம் அப்படியே தெரிகிறது. எனக்கு அதுதான் ரவாஷீனைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது.

கல் எல்லாம் முருகைக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் பொத்தல் பொத்தலாக, சிலதில் நட்சத்திர அச்சு, சிலதில் மடிப்பு மடிப்பாக மூளை மாதிரி வரி, நடுநடுவே சிப்பித் துண்டு. ஒரே அளவும் கிடையாது. இடையில் மண்நிறச் சாந்து. மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை சுவர் முழு நீளத்துக்கும் படுக்கைவசமாக ஒரு மரம் ஓடுகிறது. வெளிமுகத்தில் ஒன்று, உள்முகத்தில் ஒன்று, இரண்டையும் குறுக்குத் துண்டுகள் பிணைத்திருக்கின்றன. அதன் மேல் மறுபடி கல், மறுபடி மரம். வெளிப்பக்கம் ஒரு இஞ்சுக்கு மேல் சிமெண்ட் பூச்சு, கோழிவலை வைத்துப் பூசியது, பாளம் பாளமாகத் தொங்குகிறது. பூச்சு விட்ட இடத்தில் கல்லை விரலால் தொட்டால் மாவாகக் கொட்டுகிறது.

இங்கே கட்டட வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நாலைந்து மாடி, சில வீடு அதற்கும் மேலே, இந்தச் சொத்தைக் கல்லில் எப்படி நின்றது? அந்த மரம் எதற்கு?

காரைவீடு

நல்ல கேள்வி. அந்த மரத்துக்கு அங்கே தகாலீல் என்று பெயர். பலத் வீடு நிற்பதே அதனால்தான்.

முருகைக்கல்லை நனைந்த நிலையில் வெட்டினால் கோடாலிக்கே இறங்கிக் கொடுக்கும், வெயிலில் காய்ந்தால் இறுகும். எடை குறைவு. ஜித்தாவில் கரையை ஒட்டியே கிடைத்தது, ஒட்டகத்தில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவர அலைய வேண்டியதில்லை. சாந்து மண்ணையும் பக்கத்துக் கடற்கழியிலிருந்தே அள்ளினார்கள். குறை என்னவென்றால் ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது, ஒன்று கெட்டியாக இருக்கும், அடுத்தது பொரியாக இருக்கும். மேலே நாலு மாடிப் பாரம் வந்தால் பொரிக்கல் முதலில் நசுங்கும், அந்த இடத்தில் சுவர் பிதுங்கும்.

மரவரிசை வந்ததும் அதன் மேல் இருக்கிற பாரம் நீளவாக்கில் பரவிவிடுகிறது. நாலடிக்கு ஒருமுறை கொத்தனாருக்கு மட்டம் எடுக்க ஒரு தளமும் கிடைக்கிறது. மூலையில் இரண்டு சுவர் மரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோத்துக்கொள்ளும், அதனால் மூலை விரிந்து பிளக்காது. அடியில் பாறை கிடையாது, கடலோர மண், தோண்டினால் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் கட்டடம் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இறங்கினாலும் முழுச்சுவரும் சேர்ந்து அசையும், உடையாது. பலதில் சாய்ந்தபடியே நிற்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். நம் கம்பிக் கான்கிரீட் (ஆர்.சி.சி.) வேலையில் வாசல், ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் ஒரு பட்டி ஓட்டுகிறோமே, அதே நோக்கம்தான், இவர்கள் மாடிக்கு மூன்று தரம் ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கோழிவலைச் சிமெண்ட். கடலில் இருந்து வந்த கல்லுக்குள் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, அடியிலிருந்து ஓதம் வேறு ஏறுகிறது. பழைய பூச்சு சுண்ணாம்பு, ஈரம் அதன் வழியே வெளியே வந்து காய்ந்துவிடும், உப்பு மேலே பூக்கும், கொஞ்ச வருடத்தில் பூச்சு உதிரும், மறுபடி பூசுவார்கள். உதிர்வதற்கென்றே போட்ட பூச்சு அது. சிமெண்ட் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லின் துளைக்குள்ளேயே படிகமாக வளரும், கல் மாவாகும். அதைவிட மோசம், அந்த ஈரத்தில் தகாலீல் மரம் அழுகும். மரம் போனால் சுவர் வெறும் கல்குவியல்.

சுந்தர்_கே

எல்லாம் சரி அண்ணே, ஆனால் இந்தப் பழங்காலப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. நான் ஜித்தாவில் வேலை பார்த்தவன். ஆகஸ்ட் மாதம் ராத்திரி பத்து மணிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும், அவ்வளவு புழுக்கம். அந்த ஊரில் 'இயற்கைக் குளிர்ச்சி', 'ஏசி தேவையில்லாத வீடு' என்று வீடியோவில் சொல்கிறவனை ஒரு வாரம் அங்கே தங்கவைக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று, முருகைக்கல் என்று செல்லமாகச் சொல்கிறோம், அது கடல்திட்டை வெட்டி எடுத்தது. இன்றைக்கு எவனாவது வெட்டினால் நாம்தான் முதலில் கத்துவோம்.

கரையோரம்

@சுந்தர்_கே குளிர்ச்சி என்று நானும் சொல்லவில்லையே. காற்றோட்டம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அரபு வீடு என்றாலே நடுவில் முற்றம், வெளியே மூடின சுவர் என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. ரியாத் பக்கம் திர்இய்யாவில் அத்-துரைஃப் போய்ப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். மண்கல் சுவர், வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள், எல்லாம் உள்முகம். அங்கே வறண்ட வெயில், பகல் சூட்டை வெளியே நிறுத்தினால் போதும், ராத்திரி தானாகக் குளிரும். ஜித்தாவில் அந்த வீட்டைக் கட்டினால் உள்ளே இருக்கிறவன் வெந்துபோவான். ராத்திரியும் சூடு இறங்காது, ஈரம் வேறு. வியர்வை காயக் காற்று அடித்தாக வேண்டும். அதனால்தான் இங்கே முற்றமே இல்லாமல் உயரமாக எழுப்பி, கடல்காற்று வருகிற மேற்கையும் வடக்கையும் பார்த்து முகப்பு முழுக்க ஜன்னலாக்கிவிட்டார்கள். படிக்கட்டுக் கூடம் கூரைவரை போகிறது, சூடான காற்று அது வழியாக மேலே ஏறி வெளியேறும், ஏற ஏறத் தெருப்பக்கத்திலிருந்து புதுக்காற்றை இழுக்கும்.

ரோஷன், அதாவது ரவாஷீனில் ஒரு கூண்டு, அந்தக் காற்றுக்கான வாய். சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்பதால் தெருவோடு போகிற காற்றையும் பக்கவாட்டில் பிடிக்கும். உள்ளே திண்டு போட்டு உட்காரலாம், படுக்கலாம். மண்கூஜாவில் தண்ணீர் வைப்பதும் அங்கேதான், காற்று பட்டுக் கூஜா கசிந்து தண்ணீர் சில்லென்று ஆகும். தெருவில் போகிறவனுக்கு உள்ளே இருக்கிற பெண்கள் தெரிய மாட்டார்கள், அவர்களுக்குத் தெரு முழுக்கத் தெரியும். கோடையில் எப்படியும் படுக்கை மொட்டைமாடியில்தான், அதற்கென்றே மேலே மபீத் என்று ஒரு அறை கட்டியிருப்பார்கள். கடல்திட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்.

ஃபாத்திமா_காயல்

எங்கள் பெரியப்பா 80-களில் பலதில் ஒரு பழைய வீட்டின் மூன்றாவது மாடியில் அறை எடுத்து இருந்தவர். ஒரு அறையில் எட்டுப் பேர். அவர் சொன்னதை வைத்துச் சொல்கிறேன், காரைவீடு அண்ணன் சொன்ன சிமெண்ட் கதை பாதிதான், மீதி தண்ணீர்க் குழாய்.

அந்த வீடுகளில் முன்பு குழாயே கிடையாது. அடியில் சஹ்ரீஜ் என்று தொட்டி, மழைத்தண்ணீர் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் சுமந்து வந்து ஊற்றுவார்கள். 1947-இல் வாதி ஃபாத்திமா என்ற பள்ளத்தாக்கிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அதே வருடம்தான் ஊர் மதிலையும் இடித்தார்கள். அதுவரை மதிலுக்குள் அடங்கிக் கிடந்த ஊர் வடக்கே ஓட ஆரம்பித்தது, எண்ணெய்க் காசு வந்ததும் வீட்டுக்காரக் குடும்பங்கள் எல்லாம் புதுத் தெருக்களில் பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். காலியான வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். ஒரு குடும்பத்துக்குக் கட்டின வீட்டில் அறுபது எழுபது ஆண்பிள்ளைகள். மாடிக்கு மாடி கக்கூஸ், அடுப்படி, எல்லாம் மண்சாந்துச் சுவரில் துளை போட்டு வைத்தது. பெரியப்பா அறைச் சுவரில் வருடம் முழுக்க ஈரம், தலைமாட்டில் வைத்த சூட்கேஸ் பூசணம் பிடித்துவிடும். ரோஷனில் பலகையை அறுத்துவிட்டு ஏசிப் பெட்டியைச் செருகியிருந்தார்களாம், அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழ்ச்சுவரில். வாடகைக்கு விட்டவரிடம் சொன்னால் 'இருந்தால் இரு, இல்லாவிட்டால் போ' என்பாராம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பலத் பாழானதற்கு 'வெளிநாட்டுக் கூலிக்காரர்கள் குடியேறியதுதான் காரணம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலிக்காரர்கள் இருந்ததால்தான் நிறைய வீடு இன்றைக்கும் நிற்கிறது. பூட்டிப்போட்ட வீடு எத்தனை நாள் நின்றிருக்கும்?

தீவகத்தான்

ஃபாத்திமா சொன்ன கடைசி வரிக்குச் சாட்சி வேணுமெண்டால் செங்கடலின் மற்றக் கரையைப் பாருங்கோ. சூடானில் சுவாக்கின். அதே முருகைக்கல், அதே மாதிரி மரக்கூண்டு ஜன்னல், ஜித்தாவுக்கு எதிர்க்கரையில் இருந்த துறைமுகம். பிரித்தானியர் 1905-இல் வடக்கே போர்ட் சூடானைக் கட்டத் தொடங்கினார்கள், கப்பலும் வியாபாரமும் அங்கே போயின, பின்னால் சனமும் போனது. இப்போது சுவாக்கின் தீவு பெரும்பாலும் கல்மேடுதான். குண்டு போட்டு அழித்த இடம் எண்டு படத்தைப் பார்த்தவர்கள் நினைப்பார்கள். குண்டு ஒண்டும் விழவில்லை. வருசா வருசம் சுண்ணாம்பு பூச ஆள் இல்லை, கூரையில் விழுந்த வெடிப்பை அடைக்க ஆள் இல்லை, மழைத்தண்ணி சுவருக்குள் இறங்கியது, அவ்வளவுதான்.

எங்கட நெடுந்தீவில் வேலியே முருகைக்கல்தான், சாந்து இல்லாமல் அடுக்கினது. அது விழுந்தால் திரும்ப அடுக்கலாம். ஐந்து மாடி வீட்டை அப்படி அடுக்க ஏலாது.

உளிச்சத்தம்

தச்சு வேலைக்காரன் பக்கமிருந்து ஒரு வார்த்தை. ஜித்தாவில் ஆசாரிமாரோடு சேர்ந்து ரோஷன் பழுது பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ரோஷன் மரம் பெரும்பாலும் தேக்கு, இந்தியாவிலிருந்தும் ஜாவாப் பக்கமிருந்தும் கப்பலில் வந்தது. ஜித்தா இருக்கிற ஹிஜாஸ் பகுதியில் அந்த அளவுக்கு மரம் ஏது? 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஜித்தா வியாபாரிகள் கையில் காசு புரண்டது, இப்போது நாம் பார்க்கிற பெரிய வீடுகளில் நிறைய அதற்கப்புறம் எழும்பினவைதான். கெய்ரோவில் கடைசல் குண்டுகளைக் கோத்து வலை மாதிரி செய்வார்கள். ஜித்தாவில் அது குறைவு. இங்கே சட்டம், சட்டத்துக்குள் செதுக்கின பலகை, மேலே சாய்வுப் பலகைகள் வைத்த கதவு. ஒவ்வொரு கதவையும் தனித்தனியே தூக்கலாம், இறக்கலாம், வெளிச்சம் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்வார்.

பலகையைச் சட்டத்தின் காடியில் (நீளப் பள்ளத்தில்) இறுக்கி அடித்திருக்க மாட்டார்கள், கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பார்கள். அந்த ஊர் ஈரத்துக்குப் பலகை உப்பும், வறண்ட காற்று அடித்தால் சுருங்கும், அந்த ஆட்டம் இல்லாவிட்டால் பிளந்துவிடும். ஒருமுறை பழுதுபார்க்க வந்த ரோஷனில் யாரோ புண்ணியவான் எல்லாக் காடியிலும் பசையை ஊற்றி ஆணியும் அடித்து, மேலே பளபளவென்று பெயின்டும் பூசியிருந்தான். நூறு வருடம் தாங்கின பலகை நீளவாக்கில் வாய் பிளந்து நின்றது. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே மரம் இன்னும் தேக்கு வாசனை அடிக்கிறது!

இன்னொன்று, ரோஷனைத் தாங்குகிற வாரைகள் சுவருக்குள் போய்த்தான் உட்காருகின்றன. சுவர் மரம் அழுகின வீட்டில் புது ரோஷன் மாட்டுவது வீண்வேலை. ஆனால் காசு கொடுக்கிறவர்களுக்கு முகப்புதான் வேண்டும்.

சுந்தர்_கே

இதைத்தான் நானும் கேட்க வந்தேன். மராமத்து என்ற பெயரில் முகப்பைப் பளிச்சென்று வைத்துவிட்டு உள்ளே கான்கிரீட் தூண் நிறுத்துகிறார்களா? பலதில் இருக்கிற நாஸிஃப் வீட்டுக்குள் போனேன், நல்ல நிலைமையில்தான் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் அந்த மரியாதை கிடைக்குமா?

கரையோரம்

நாஸிஃப் வீடு விதிவிலக்கு. 1881-இல் கட்டி முடித்தது, பெரிய வணிகக் குடும்பம், 1925-இல் ஊர் தன் வசமானதும் சவூதியை நிறுவிய மன்னர் அப்துல் அஜீஸ் வந்து தங்கினது அங்கேதான். அப்படிப்பட்ட வீட்டை யாரும் விழ விடமாட்டார்கள். படிக்கட்டு கவனித்தீர்களா, ஒவ்வொரு படியும் அகலம், உயரம் மிகக் குறைவு. மேல்மாடிச் சமையலறைக்குச் சரக்கோடு ஒட்டகமே ஏறிப்போகும் என்று சொல்வார்கள். வாசலில் நிற்பது நம்ம வேப்பமரம்! ஒரு காலத்தில் ஜித்தா முழுக்க மரம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்ததாம், மரத்து வீடு என்றால் ஊருக்கே அடையாளம் தெரியும்.

மற்ற வீடுகளுக்கு வருவோம். யுனெஸ்கோ பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். அதற்கப்புறமும் 2017-இல் தீப்பிடித்துச் சில வீடுகள் போயின, இத்தனை மரம் இருக்கிற தெருவில் ஒன்று பிடித்தால் பக்கத்து வீடும் போகும். 2019-இல் 56 கட்டடங்களைத் தூக்கி நிறுத்த 5 கோடி ரியால் அறிவித்தார்கள், அது உருப்படியான வேலை. பலதில் 600-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் இருக்கின்றன, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சில வீடுகள் விலை உயர்ந்த விடுதிகளாகிவிட்டன. பெரியப்பா எட்டுப் பேரோடு படுத்த மாதிரி அறைக்கு இன்றைக்கு ஒரு ராத்திரி வாடகை என்ன என்று கேட்டால் ஃபாத்திமா மயங்கி விழுவார்.

காரைவீடு

விடுதியானாலும் பரவாயில்லை, வருடா வருடம் பராமரிக்கக் காசும் ஆளும் வரும். என் கவலை வேறு. சுந்தர் கேட்ட கான்கிரீட் தூணை நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். தகாலீல் சுவர் அசைந்து கொடுக்கும், கான்கிரீட் அசையாது. இரண்டையும் சேர்த்தால் சேர்த்த இடத்தில்தான் விரிசல் விழும். மரம் அழுகியிருந்தால் மரத்தையே மாற்ற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, முட்டுக் கொடுத்து, மேல் கல்லைக் கழற்றி, புது மரத்தை நுழைத்து மறுபடி கட்டி. மெதுவான வேலை, திறந்து வைக்க ஒரு தேதி குறித்துவிட்டால் நடக்காது.

கல்லுக்குக் கடலைத் தொட வேண்டியதில்லை, விழுந்த வீட்டுக் கல்லைப் பொறுக்கி அடுக்கி வைத்தாலே நிறைய வேலைக்கு ஆகும். கரையோரம், அந்த வேலிக்குள் கல்லை அள்ளி லாரியில் ஏற்றுகிறார்களா, பிரித்து அடுக்குகிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதை வைத்தே என்ன மாதிரி மராமத்து என்று சொல்லிவிடலாம்.

கரையோரம்

அடுக்கித்தான் இருக்கிறது, பெரியது சிறியது என்று தனித்தனிக் குவியல். மரத்தையும் தனியே படங்கு போட்டு மூடியிருக்கிறார்கள். கான்கிரீட் கம்பி எதுவும் கண்ணில் படவில்லை.

ஃபாத்திமா_காயல்

கொஞ்சம் தலைப்பை விட்டு விலகிக் கேட்கிறேன். எங்கள் ஊர் வீட்டுச் சுவரும் சுண்ணாம்புச் சாந்துதான், கடலிலிருந்து நடந்து போகிற தூரம். கீழே இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி மேலே ஏதோ தண்ணீர் இறங்காத பெயின்ட் அடித்தால் இருபது வருடம் கவலையில்லை என்கிறார். இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது.

காரைவீடு

வேண்டாம்மா. பூசினால் ஓதம் இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏறும், இரண்டு வருடத்தில் நீங்களே பார்ப்பீர்கள். உதிர்கிற பூச்சை அதற்கு மேல் ஒரு அடி சேர்த்துக் கொத்தி எடுங்கள், இடுக்கில் இருக்கிற உப்பைத் தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அது உப்பைத் திரும்ப உள்ளே அனுப்பும். சுவரைச் சில மாதம் அப்படியே விடுங்கள், அசிங்கமாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் கேட்பார்கள், பரவாயில்லை. பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசி, ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுங்கள். அதற்கு முன்னால் வாசல் பக்கம் சுவரை ஒட்டிச் சிமெண்ட் தரை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் சுவரோரம் ஒரு அடிக்கு உடைத்து எடுத்துவிட்டுச் சரளை கொட்டுங்கள்.

ஃபாத்திமா_காயல்

போட்டிருக்கிறது, போன வருடம்தான். இந்தச் செலவுக்கு வீட்டில் யாரிடம் பேசுவது என்றுதான் யோசிக்கிறேன்.